மாத்திரையை நீயாகக் கூட்டாதே

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அசதியாக இருக்கிறது, உடம்பு போடுகிறது என்று தைராய்டு மாத்திரையை நீயாகவே 50 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக்கிவிட்டு, இப்போது படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்கிறாய்.

உனக்குத் தைராய்டு குறைவு, எனக்கு இருந்தது அதிகம். அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய், முழுக் கதையும் உனக்குத் தெரியாது. ரப்பர் மரம் சீவிவிட்டு, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைக்கப் போனால் விரல் நடுங்கும், பாதி நிரை முடிவதற்குள் மூச்சு வாங்கும், நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சைப் பிடித்து அடைத்த மாதிரி கண்டபடி அடிக்கும். தீட்டு நிற்கிற வயசு, கவலை, அதனால்தான் என்று ஒரு கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பி 4 மாசம் வீணாக்கினேன். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நாடி பிடித்துப் பார்த்து, இசிஜி எடுத்து, ரத்தத்தில் தைராய்டையும் பார்த்தார்கள்.

அந்த ஹார்மோன் இதயத் தசைக்குள்ளேயே போய் வேலை செய்யுமாம். அளவு மிஞ்சினால் இதயம் ஓய்வில்லாமல் ஓடும், சிலருக்கு மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதுதான். அங்கே தேங்குகிற ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக். தைராய்டு அடங்கின பிறகுதான் என் நெஞ்சும் அடங்கியது. மாத்திரை கூடிப்போனாலும் இதே கதைதான், மா. அதற்காகப் பயந்து ஒரேயடியாக நிறுத்தியும் விடாதே, ஹார்மோன் குறைந்தால் துடிப்பு மந்தமாகும், கெட்ட கொழுப்பு ஏறும், அதுவும் இதயத்துக்குத்தான் கேடு.

தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், காலையில் பசியாறும்போது தே தாரிக் பால் டீயோடு தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே விழுங்கினாய். உன் அசதிக்கு அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடு, பசியாற அரை மணி நேரமாவது பொறு. இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அது தைராய்டு மருந்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. அளவை மாற்றினால் முழுப் பலன் தெரிய 6 வாரமாவது ஆகும், அதனால்தான் டாக்டர் அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்.

நாளைக்கே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போ. இசிஜி, தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை இரண்டும் பார்க்கச் சொல், நீயாகக் கூட்டினதை மறைக்காதே. மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

அம்மா