907, 958

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சின்னவள் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளை, நாளைக்கு ரேடார் முன்னால் உட்காரப் போகிறாள்! அப்புறம், "உன் வேலையில் நீ அதிகம் பயந்தது எதற்கு?" என்று கேட்டிருந்தாய். பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

புயலுக்கோ இன்ஜின் பழுதுக்கோ நான் அவ்வளவு பயந்ததில்லை. என் வாயிலிருந்து தவறான எண் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். ஜப்பானில் 2001 ஜனவரி 31 அன்று நடந்ததை உனக்குச் சொன்னால் புரியும்.

ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள். டோக்கியோவிலிருந்து ஒகினாவா போக உயரே ஏறிக்கொண்டிருந்த ஜம்போ விமானம் 907. தென்கொரியாவின் பூசானிலிருந்து 37,000 அடியில் வந்துகொண்டிருந்த டிசி-10 விமானம் 958. இரண்டிலுமாக 677 பேர். ரேடாரில் இருந்தவர் பயிற்சியில் இருந்த 26 வயது கன்ட்ரோலர். மோதல் எச்சரிக்கை வந்ததும் 958-ஐக் கீழே இறக்க நினைத்தார். வாயில் வந்தது 907. ஜம்போவின் பைலட் அந்த உத்தரவைத் தன் எண்ணோடு சேர்த்துச் சரியாகவே திருப்பிச் சொன்னார். பயிற்சியில் இருந்தவருக்கும் உறைக்கவில்லை, அருகில் இருந்த மேற்பார்வையாளருக்கும் உறைக்கவில்லை.

என்னைக் கலங்க வைப்பது இந்த இடம்தான். திருப்பிச் சொல்வது என்ற வழக்கமே இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான். ஆனால் நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதையே காது கேட்டுக்கொள்கிறது. பயிற்சிக் காலத்தில் எனக்கும் இது நடந்தது. ஒரு விமானத்துக்குச் சொல்ல வேண்டியதை இன்னொன்றுக்குச் சொன்னேன், பின்னால் நின்ற மூத்தவர் என் தோளைத் தொட்டு, "யாரைக் கூப்பிட்டாய்?" என்றார். இரண்டும் வெகு தூரத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

சரி, ஜப்பானுக்கு வருகிறேன். இரண்டு விமானங்களிலும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. அது 907-ஐ ஏறச் சொன்னது, 958-ஐ இறங்கச் சொன்னது. 958 கருவியைக் கேட்டு இறங்கியது. 907-இன் கேப்டனோ, இன்ஜின் விசையைக் குறைத்து ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டதால் இனி ஏறுவது ஆபத்து என்று எண்ணி, கன்ட்ரோலர் சொன்னபடியே தொடர்ந்தார். ஆக இரண்டுமே இறங்கின. பதற்றத்தில் குறுக்கிட்ட மேற்பார்வையாளர் "957" என்று அழைத்தார். அந்த எண்ணில் அப்போது வானில் விமானமே இல்லை. கடைசி நொடியில் 907-இன் கேப்டன் கண்ணால் பார்த்து விமானத்தின் மூக்கை அழுத்தித் தாழ்த்தினார். நெருங்கிய தூரம் சுமார் 135 மீட்டர் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஜம்போவுக்குள் இருந்தவர்கள் கூரைவரை தூக்கி எறியப்பட்டார்கள். சுமார் நூறு பேருக்குக் காயம். ஆனால் எல்லோரும் உயிரோடு தரையிறங்கினார்கள்.

கருவியும் கன்ட்ரோலரும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னால் யாரைக் கேட்பது? அன்றைய விதிகளில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. 17 மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே அதே முரண்பாடு. ரஷ்ய விமானம் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கியது, சரக்கு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. அங்கே 135 மீட்டர்கூட மிஞ்சவில்லை. 71 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். ஜப்பானின் விசாரணை அறிக்கையும் அதே மாதம்தான் வெளிவந்தது. 2003 நவம்பரில் சர்வதேச விதி திருத்தப்பட்டது: கருவி சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும், கன்ட்ரோலர் வேறு சொன்னாலும். இதைச் சின்னவளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது எந்த விலைக்கு வந்த விதி என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானில் அந்த இரண்டு கன்ட்ரோலர்கள் மீதும் குற்ற வழக்கு நடந்தது. 2006-இல் விடுதலை, 2008-இல் உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள், 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பயிற்சியில் இருந்தவருக்கு ஓராண்டு, மேற்பார்வையாளருக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. காயப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணை மாற்றிச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்றால், அடுத்தவர் தன் பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அன்று என் தோளைத் தொட்டவர் என்னைத் திட்டியிருந்தால், மறுநாள் எல்லோர் முன்னாலும் அதை நானே சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

சின்னவள் எப்போதாவது முகம் வாடி வீட்டுக்கு வந்தால் என்ன ஆயிற்று என்று துருவிக் கேட்காதே. சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு என்னைக் கூப்பிடச் சொல், எந்த நேரமானாலும் சரி.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்