வேப்பிலை கட்டிய வாசல்கள்: பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர்களுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும், என்னைப் போன்ற பெற்றோருக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் இருக்கிறேன். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். போன டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஒரு சேதி சொன்னான். "அம்மா, என் பக்கத்துல உட்கார்ந்தவன் கழுத்துல முத்து முத்தா இருந்துச்சு. கேட்டா கொசுக்கடின்னான்." பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினான்கு நாள் கழித்து, பள்ளி திறந்த இரண்டாம் நாள் காலையில் அவனைக் குளிப்பாட்டித் துடைத்தபோது முதுகில் மூன்று தண்ணீர்த் துளிகள் ஒட்டியிருந்தன. துண்டால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். அப்புறம்தான் அது தண்ணீர் இல்லை என்று புரிந்தது.

உடனே நினைவுக்கு வந்தது முந்தின நாள் சாயங்காலம். அடுத்த தெருவில் என் அம்மா வீட்டில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கையின் மடியில் தலைவைத்து அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கே ஆபத்து. இதையெல்லாம் மருத்துவர் நிதானமாகச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சின்ன வயசுல இவங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அப்பா ஆமாம் என்றார். அம்மா, அது எனக்கா தங்கைக்கா என்று குழம்பினார். கடைசியில் தங்கையின் முடியை ஒதுக்கி, நெற்றியோரத்தில் மிளகு அளவுக்கு இருந்த குழியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது அந்தத் தழும்புதான்டி" என்றார். இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். முடிவு வர இரண்டு நாள் ஆனது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தது. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பையனின் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பின்னால் பேசியபோது அவரே சொன்னார், அன்று காலையிலேயே பார்த்துவிட்டாராம். "கடைசிப் பரீட்சை, போயிடுமேன்னு பயந்து அனுப்பிட்டேன் அக்கா." அவரை நான் எப்படிக் குறை சொல்வது? காலாண்டுத் தேர்வின்போது என் மகனுக்குக் காய்ச்சல். காலை ஏழரை மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்து நானே பள்ளிக்கு அனுப்பினேன். அந்த மருந்து நாலு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஆறு மணி நேரம் தாங்கும். பன்னிரண்டு மணிக்கு டீச்சரிடமிருந்து போன். போய்ப் பார்த்தால் பெஞ்சில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறான். கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் திறக்காமல் அப்படியே இருந்தது. அன்று அவனைச் சுற்றி முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

ஏன் அனுப்பினேன்? பரீட்சை ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆண்டு விழாவில் நூற்றுக்கு நூறு வருகைக்குக் கொடுக்கும் கேடயம். ஜூன் மாதத்திலிருந்து ஒருநாள்கூட விடாமல் போயிருந்தான். அது கெட்டுவிடக் கூடாது என்று அவன் அழுதான், நானும் இணங்கினேன்.

தலைமையாசிரியர்களே, உங்களிடம் கேட்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் எந்தப் பிள்ளையையும் தேர்ச்சி இல்லை என்று நிறுத்தி வைப்பதில்லை. அப்படியிருக்க, நான்காம் வகுப்பு அரையாண்டில் ஒரு தாள் எழுதாமல் போனால் என்ன குடி முழுகிவிடும்? விடுமுறை முடிந்து வந்தபின் ஒரு மதியவேளையில் உட்காரவைத்து எழுத வைக்கலாம். எழுதாமலே விட்டாலும் நஷ்டமில்லை. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும்கூட அரையாண்டு என்பது பொதுத்தேர்வுக்கான ஒத்திகைதான். இதைத் தேர்வு அட்டவணையின் அடியிலேயே அச்சடித்துக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் பெற்றோர் நம்ப மாட்டோம். அந்தக் கேடயத்தை தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை.

நம் பள்ளி நாட்காட்டியே இந்த நோய்களுக்குத் தோதாக அமைந்திருக்கிறது. சின்னம்மை தொற்றி வெளியே தெரிய பத்து முதல் இருபத்தொரு நாள் ஆகும். அரையாண்டின் கடைசி வாரத்தில் தொற்றியது, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வெளியே வரும். அங்கே தொற்றியது பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில், தாத்தா பாட்டி வீட்டில் வெடிக்கும். எங்கள் வகுப்பில் பொங்கல் முடிந்து வந்த வாரம் ஆறு பேர் இல்லை. பொன்னுக்கு வீங்கியும் இதே கணக்குதான். பெரும்பாலும் இரண்டரை வாரத்தில் தெரியும், கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பரவும். இந்த இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு என்றாலும் அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் அவை இல்லை. அங்கே இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்கள் ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் பாட்டி காலத்தில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அவ்வளவுதான், தெருவுக்கே தெரிந்துவிடும். யாரும் உள்ளே வரமாட்டார்கள், வீட்டிலிருந்தும் யாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் விடும்வரை பிள்ளை வாசல் தாண்டாது. அதற்குள் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். இன்றைக்கு மருத்துவர் சொல்வதும் அதுதான்: கடைசிக் கொப்புளமும் காயும்வரை வெளியே அனுப்பாதே. மருந்தே கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொன்னதை நான் ஏற்கவில்லை. பிள்ளையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் "எங்கள் வீட்டில் அம்மா இறங்கியிருக்கிறாள்" என்று ஊருக்கே சொல்வதில் அன்று யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. இன்று ஒரு வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பிறந்தநாள் கேக் படம் வருகிறது, அம்மை வந்த செய்தி மட்டும் வருவதில்லை. என் மகனுக்கு வந்ததைக் குழுவில் போட எனக்கே இரண்டு நாள் ஆனது. எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கம். அந்த இரண்டு நாள் தாமதத்துக்காக மற்றப் பெற்றோரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் அந்தச் செய்தியைப் பள்ளியே சொல்லட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம். ஆசிரியரிடம் தகவல் வந்த அன்றைக்கே வகுப்புக் குழுவில் நாலு வரி போதும். வீட்டில் கர்ப்பிணி இருப்பவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் நேரத்தோடு மருத்துவரைப் பார்க்க முடியும்.

பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள் என்று சொல்வது எனக்கு எளிது. அடுத்த தெருவில் அம்மா இருக்கிறார். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணும் சித்தாள் வேலைக்குப் போகிறவளும் ஒருநாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்து போகிறது. காய்ச்சலோடு பிள்ளை வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது சத்துணவு அமைப்பாளரைக் கேட்டால் தெரியும். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். நோயில் இருக்கும் பிள்ளையின் பங்கை அண்ணனோ அக்காவோ தூக்கில் வாங்கிப்போக அனுமதி கேட்டு மேலே எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே போடலாம்.

விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அரையாண்டு விடுமுறையும் ஏறக்குறைய அத்தனை நாள்தான், அதுவும் வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பள்ளி திறந்த அன்று குழாயடியில் சோப்பு இருக்கட்டும்.

வரும் காலாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் உங்கள் பள்ளியிலிருந்து இப்படி ஒரு செய்தி போனால் எனக்குப் போதும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"விடுமுறையில் பிள்ளைக்குக் காய்ச்சல், கொப்புளம், கன்ன வீக்கம், கண் சிவப்பு எது வந்தாலும் வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். பெயரை வெளியே சொல்ல மாட்டோம். மருந்து கொடுக்காமலே முழுதாக ஒருநாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தபின் அனுப்புங்கள். அம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்தபின், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் கழித்து அனுப்புங்கள். விட்டுப்போன பாடத்தையும் தேர்வையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா,
திருச்சி