மலிவு விலை பி-64 கைத்துப்பாக்கியை வீட்டிலேயே சீராக்குவது பற்றி மாமாவுக்கு

ஓஹையோ

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலந்தானுங்களே?

துப்பாக்கியை வீட்டிலேயே கழற்றி ஸ்பிரிங் மாற்றுகிறார்கள் என்று நான் சொன்னதை நம்பமுடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைத் தொழிலாகப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். 9 மில்லிமீட்டர் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம் வேறு. இங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவர் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். குற்றப் பின்னணி இல்லையென்று அரசுப் பதிவில் சரிபார்த்த பிறகு கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். தற்காலிக விசாவில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. வாங்கிய பிறகு அதைச் சுத்தம் செய்வதும் தேய்ந்த பாகத்தை மாற்றுவதும் சொந்தக்காரர் பாடு. மெக்கானிக்கிடம் கொடுத்தால் கூலியே துப்பாக்கி விலைக்கு வந்துவிடும் என்பதால், ஆளுக்கொரு பெஞ்ச் வைஸ் காரேஜில் இருக்கிறது.

லேத்தும் ஸ்பிரிங்கும் உங்களுக்கு அத்துப்படி. அதனால் ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு விவரமாகவே எழுதுகிறேன்.

பி-64 போலந்து ராணுவமும் போலீஸும் வைத்திருந்தது. 1965-இல் சேவைக்கு வந்தது, ராடம் நகரத்து ஆலையில் 1977 வரை செய்தார்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் ஆறு தோட்டா. குழல் சட்டத்தோடு அசையாமல் நிற்கும், மேலுள்ள ஸ்லைடு மட்டும் பின்னால் ஓடித் திரும்பும். தோட்டா 9x18 மக்கராவ். அதன் குண்டு சுமார் 9.27 மி.மீ., சாதாரண 9x19-இன் குண்டு 9.01 மி.மீ. பெயரில் இரண்டும் ஒன்பதுதான் என்றாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடவே கூடாது. நல்ல எஃகு, நல்ல வேலைப்பாடு. ஆனால் ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் குட்டிச் சுத்தியல், கீழே இருக்கும்போது டிரிகரை இழுக்க 20 பவுண்டுக்கு மேல், அதாவது 9 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். இழுக்கும்போது முனை ஆடாமல் வைத்திருப்பது யாருக்கும் கஷ்டம். இந்தத் துப்பாக்கியின் பெரிய குறை அதுதான்.

எதைத் தொடும் முன்பும் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கவேண்டும். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் வேலை சுத்தம். கிடங்கில் வைக்கும்போது பூசிய காஸ்மோலின் கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு போல இறுகியிருக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் ஸ்பிரிட்ஸில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தால் போகும். வெளியே பளபளப்பது முக்கியமில்லை. ஸ்லைடுக்குள் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி, ஓடும் துளைதான் முக்கியம். அங்கே கிரீஸ் தங்கினால் அந்த ஊசி மெதுவாக ஓடித் தோட்டா வெடிக்காது. அதைவிட மோசம், முன்னால் சிக்கிக்கொண்டால் ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடித்துவிடலாம். கிரீஸ் கரைக்கும் ஸ்ப்ரேயின் முனையைத் துளைக்குள் வைத்து, தெளிந்த திரவம் வரும்வரை அடிக்கவேண்டும். பிறகு எண்ணெய் ஊற்றாமல் உலரவிடவேண்டும். அழுக்குத் துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவைக்கவேண்டும்.

இனி ஸ்பிரிங். பென்சில்வேனியாவில் உள்ள வுல்ஃப் கம்பெனி இந்த மாடலுக்கென்றே செய்து தபாலில் அனுப்புகிறது. ஹேமர் ஸ்பிரிங்கில் 18, 19, 20 பவுண்ட் என்று படிப்படியாக எடுக்கலாம். ஸ்பிரிங்கை வெட்டிக் குறைப்பவர்களும் உண்டு. கூடாது. சுற்று குறைந்தால் மிச்சக் கம்பி கடினமாகிறது, ஆரம்ப அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்பது நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிடியின் பின்புறத் திருகைக் கழற்றினால் பிடி பின்னால் உருவிக்கொண்டு வரும். உள்ளே ஹேமரைத் தள்ளும் தண்டின்மேல் ஸ்பிரிங் ஏறியிருக்கும். ஹேமரைப் பின்னால் நிறுத்தினால் தண்டின் கீழ்முனைத் துளை தெரியும். அதில் மெல்லிய ஆணியைச் செருகிவிட்டு ஹேமரை விரலால் பிடித்தபடியே மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் அழுந்திய நிலையில் தண்டோடு கையில் வந்துவிடும். ஆணியை எடுக்கும்போது தண்டு வைஸில் இருக்கவேண்டும், கண்ணாடி போட்டிருக்கவேண்டும். பழைய ஸ்பிரிங் பாய்ந்தால் கண் போய்விடும். தண்டின் பக்கங்களில் கரடு இருந்தால் 600 நம்பர், பிறகு 1000 நம்பர் எமரித் தாளால் நீளவாக்கில் இழுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

ஹேமர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவது பலர் செய்யும் தவறு. இந்த வகையில் ஸ்லைடு பின்னால் ஓடும்போது, அதைத் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் அழுத்துகிறது, ஹேமரையும் மடக்குகிறது. ஹேமர் ஸ்பிரிங் இளகினால் ஸ்லைடின் வேகம் கூடிச் சட்டத்தில் பலமாக மோதும். ஆகவே கூடவே குழலைச் சுற்றியுள்ள ரீகாயில் ஸ்பிரிங்கையும் 20 அல்லது 22 பவுண்டுக்கு ஏற்றவேண்டும். பழையது எந்த முனை பின்பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளவேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்லைடு முழுக்க ஓடாமல் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறும் வாயிலேயே சிக்கும்.

ஹேமரும், அதைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரும் கவ்வும் விளிம்பில் மட்டும் அரம் வைக்கவே கூடாது மாமா. அந்த விளிம்பு ஒரு துளி சாய்ந்தால் ஹேமர் தானாக இறங்கும், அல்லது ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகும். உயிருக்கு ஆபத்து ஒருபக்கம். தானியங்கி ஆயுதம் என்று கடுமையான வழக்காவது இன்னொரு பக்கம். மேகசினிலிருந்து குழலுக்குள் தோட்டா ஏறும் சரிவையும் ஃபெல்ட்டும் மெட்டல் பாலிஷும் கொண்டு மினுக்கலாம், கோணம் மாறக்கூடாது.

குறிபார்க்க உதவும் முன் குறி கறுப்பாக, சின்னதாக இருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, முதலில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு கோட், காய்ந்தபின் ஆரஞ்சு ஒரு கோட். வெள்ளை அடியில் இல்லாவிட்டால் ஆரஞ்சு மங்கிவிடும். கையை இடிக்கும் பிடிக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இழுத்து மாட்டினாலே நன்றாக இருக்கும்.

பூட்டிய பிறகு காலித் துப்பாக்கியில் பென்சில் சோதனை. அழிரப்பர் உள்ளே போகும்படி பென்சிலைக் குழலில் விட்டு, முனையை மேலே நிமிர்த்தி, ஹேமரைப் பின்னால் நிறுத்திப் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டி லீவரை இறக்கவேண்டும். ஹேமர் விழும், பென்சில் அசையக்கூடாது. அசைந்தால் அந்தத் துப்பாக்கிக்குள் தோட்டா போகவே கூடாது, மெக்கானிக்கிடம் போகட்டும். லீவரை ஏற்றி டிரிகரை இழுத்தால் பென்சில் துள்ளவேண்டும்.

பிறகு சுடுதளத்தில் முதலில் மேகசினில் ஒரு தோட்டா, அடுத்து இரண்டு, பிறகுதான் ஆறும். ஐம்பது தோட்டாவாவது தடங்கலில்லாமல் போகவேண்டும். வெடிக்காமல் நின்றால் அரை நிமிடம் முனையை இலக்குப் பக்கமே வைத்திருந்து பிறகு எடுத்துப் பார்க்கவேண்டும். தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் ஆழமில்லை என்றால் ஹேமர் ஸ்பிரிங்கில் 18-லிருந்து 19 பவுண்டுக்கு ஏறவேண்டும். ரஷ்யத் தோட்டாக்களின் பிரைமர் கடினம். 2021 முதல் அவற்றுக்குப் புது இறக்குமதி அனுமதி கிடையாது, ஆனால் பழைய இருப்பு இன்னும் பலரிடம் இருக்கிறது. எதைச் சுடப்போகிறோமோ அதை வைத்தே சோதிக்கவேண்டும். சுட்டு முடித்ததும் ஈயம் போகக் கையை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைப் பெயர் எழுதிய கவரில் போட்டு வைப்பது வழக்கம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இரும்புப் பெட்டியில் ஒரு சாவி, தோட்டா இன்னொரு பெட்டியில் வேறு சாவி.

உங்கள் பட்டறையில் கம்ப்ரஷன் ஸ்பிரிங் அழுத்தத்தை எந்த முறையில் அளக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்