மென்சியஸ் கேட்டது அரசனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பண்டைச் சீன அறிஞர் கன்பூசியஸின் அறம் பற்றி வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் ஆளாளுக்கு ஆசையைக் குறைத்துக்கொண்டால் பூமி பிழைத்துவிடும் என்று பாரத்தை முழுக்கத் தனிமனிதர் தலையில் இறக்கிவிட்டார் கட்டுரையாளர். கன்பூசியஸ் தூண்டில் போட்டாரே தவிர வலை வீசவில்லை, கூடடைந்த பறவைமீது அம்பு எய்யவில்லை என்று அவர் எழுதியது சரிதான். அது அந்த மனிதரின் சொந்த ஒழுக்கம்.

கன்பூசியஸின் வழிவந்த சீன அறிஞர் மென்சியஸ் பேசியதோ பண்டைச் சீனத்தின் லியாங் நாட்டு அரசன் ஹுயியிடம். கண்ணி நெருங்கிய வலையைக் குளத்தில் இறக்க விடாவிட்டால் தின்று தீராத அளவு மீன் கிடைக்கும், பருவம் பார்த்துக் கோடரியை மலைக்காட்டுக்குள் விட்டால் மரத்துக்குப் பஞ்சம் வராது, நல்லாட்சிக்கு இதுவே தொடக்கம் என்றார். தடைக்காலம், கண்ணி அளவு என்று நம் கடற்கரையில் இன்று பேசுவதும் ஏறக்குறைய இதுதான். அதோடு விட்டாரா? தெருவில் பட்டினிப் பிணம் கிடக்க, 'என் குற்றமில்லை, விளைச்சல் பொய்த்துவிட்டது' என்பதற்கும், ஆளைக் குத்திவிட்டு 'நானில்லை, ஆயுதம்தான்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்த நாளில் அரசனிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கட்டுரை கொண்டாடும் ஜப்பானியத் தொழிலதிபர் ஷிபுசாவா எயிச்சி பெரிய மனிதர்தான். கன்பூசியஸின் வாக்கும் கணக்குப் போடும் மணிச்சட்டமும், அதாவது அறமும் வணிகமும், சேர்ந்தே இருக்க வேண்டும் என்று 1916இல் நூலே வெளியிட்டவர். 2024 முதல் 10,000 யென் நோட்டில் இருப்பதும் அவர் முகமே. ஆனால் ஜப்பானின் ஆஷியோ செப்புச் சுரங்கத்தில் தொடக்க காலத்திலேயே அவர் பணம் போட்டிருந்தார். அந்தச் சுரங்கக் கழிவால் வதராசே ஆற்றில் மீன் செத்தது, கரையோர வயல்கள் பாழாயின. தனாகா ஷோசோ என்ற உறுப்பினர் 1891இல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். ஆண்டுக்கணக்கில் முட்டி மோதியும் பலனில்லாமல், 1901இல் பேரரசரின் வண்டியை நெருங்கி மனுவை நீட்டினார். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இன்றைய சீனாவுக்கு வருவோம். அங்கே யாங்சே ஆற்றில் 2021 ஜனவரி 1 முதல் 10 ஆண்டு மீன்பிடித் தடை. தொழிலை விட்ட மீனவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நிலையான பிழைப்பு இல்லாத மக்களிடம் நிலையான மனத்தை எதிர்பார்க்க முடியாது என்றவரும் மென்சியஸ்தான். வலையைத் தடுத்தவர்கள் அதே ஆற்றின் அணைகளை என்ன செய்யப்போகிறார்கள்? இதையும் அந்த மீனவர்களின் கதையையும் அடுத்த கட்டுரையில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்.