காய்ச்சல்காரரிடம் "எந்த ஊரில் தூங்கினாய்?" என்று கேளுங்கள்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் கொசு ஒழிப்பும் காய்ச்சல் கண்காணிப்பும் பார்க்கும் அதிகாரிகளுக்கு வணக்கம். இது மலேரியாவைப் பற்றிய ஒரு விண்ணப்பம்.

நான் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கொத்தனார்கள் நம்மூர்க்காரர்கள். சாரம் கட்டுகிறவர்கள், கலவை சுமக்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள். வேலை நடக்கும் வீட்டிலேயே, இரண்டாம் கட்டு என்கிற உள்பகுதியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

போன வருஷம் புரட்டாசியில் நடந்தது இது. ஒடிசாவின் காளஹாண்டிக்காரத் தம்பி ஒருவன் நுவாகாய் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். புது நெல்லை சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடும் பண்டிகை அது, நம்ம பொங்கல் மாதிரி. திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், சோற்றைத் தொடாமல் தேக்குத் தூணில் சாய்ந்தபடி நடுங்க ஆரம்பித்தான். வெளியே சுள்ளென்று வெயில். இவன் காலி சிமெண்டுச் சாக்கை எடுத்துப் போர்த்திக்கொள்கிறான், அப்போதும் பல் கிட்டுகிறது. பிறகு உடம்பு கொதித்தது. சாயங்காலம் சட்டை நனைய வேர்த்துவிட்டு, எழுந்து வந்து டீ கேட்டான். சரி, போய்விட்டது என்று நினைத்தோம். மறுபடி வந்ததும் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மழைக்காலக் காய்ச்சல் என்று ஊசி போட்டு மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சமீபத்தில் எங்கே போய் வந்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. ஆறாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான வகை மலேரியா என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டான். அந்த ஆறு நாளும் கொசுவலை இல்லாமல் எட்டுப் பேரோடு, திறந்து கிடக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் அவன் படுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஃபால்சிபாரத்தில், கொசுவுக்குத் தொற்றக்கூடிய வடிவத்தில் கிருமி ரத்தத்தில் தலைகாட்டுவதற்குக் காய்ச்சல் தொடங்கிப் பத்து நாள் போல ஆகிறது. அந்த ரத்தத்தைக் குடித்த கொசுவுக்குள் அது வளர்ந்து அடுத்தவரைக் கடிக்கத் தயாராக இன்னொரு பத்துப் பதினைந்து நாள். அதாவது முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் அது அந்த ஒருவரோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். அந்த வாரத்தைத்தான் நாம் ஊசியிலும் மாத்திரையிலும் கழித்துவிடுகிறோம்.

மலேரியாக் கொசு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் பொதுவாகப் பறக்காது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கிருமியைக் கொண்டுபோவது மனிதரும் ரயிலும்தான். கென்யாவில் இதைக் கணக்காகவே பார்த்தார்கள். 2008 ஜூன் தொடங்கி ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேருடைய செல்போன்கள் எந்தக் கோபுரத்திலிருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்ந்தன என்பதை, ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டு, மலேரியா வரைபடத்தோடு வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வு, விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து நைரோபிக்குக் கிருமி ஆட்களோடு பயணம் செய்வதைக் காட்டியது. நைரோபியில் மட்டும் மருந்தடித்தால் போதாது, வரும் வழியையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நமக்குச் செல்போன் கோபுரம் எல்லாம் வேண்டாம். நம் பிள்ளைகள் ஊருக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள், மூன்று பேருக்கு ஒரு போன் வைத்திருப்பவர்களும் உண்டு, அந்தக் கணக்கு இங்கே சரியாக வராது. ஆனால் ஒவ்வொரு மேஸ்திரியிடமும் சம்பள நோட்டு இருக்கிறது. யார் எந்தத் தேதியில் ஊருக்குப் போனார், எந்தத் தேதியில் திரும்பினார், நடுவில் தேவகோட்டையில் எத்தனை நாள், பள்ளத்தூரில் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று கூலிக்காகவே எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் தேடுகிற நடமாட்டக் கணக்கு அதுதான். அதை ஒரு நாளும் யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

கேளுங்கள். ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த வாரத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். காய்ச்சலோடு வருகிறவரிடம் கடைசி மூன்று வாரம் எந்தெந்த ஊரில் ராத்திரி படுத்தார் என்று கேளுங்கள். அதோடு விடாமல் கடைசி ஒரு வருஷத்தையும் கேளுங்கள், ஏனென்றால் மலேரியாவில் வைவாக்ஸ் என்கிற இன்னொரு வகை ஈரலில் பதுங்கியிருந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட எழுந்து வரும். அதற்கான பிரைமாகுயின் மாத்திரை 14 நாள். ஐந்தாம் நாளே வேறு ஊர் வேலைக்குக் கிளம்பிவிடும் ஆளுக்கு மீதி மாத்திரையை யார் கொடுப்பது? அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன் போக வேண்டாமா?

இலங்கையைப் பாருங்கள். 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்குப் பிறகும் 2018-ல், இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒருவரிடமிருந்து அங்கேயே ஒருவருக்குத் தொற்றியது. விடாமல் கண்காணித்துக்கொண்டிருந்ததால் உடனே பிடித்துவிட்டார்கள்.

நம் பக்கம் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி கொசு கிணற்றிலும் மேல்தொட்டியிலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் நம்மூரில் எத்தனை! வளவில் மழைத்தண்ணீர் பிடித்த கிடாரம் அப்படியே நிற்கும், சாவி சென்னையில் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வீடுகளின் சாவியையும் கேட்டு வாங்குங்கள், கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கணக்கு சுகாதாரத் துறையை விட்டு வெளியே போகக்கூடாது. வடக்கத்திக்காரன் நோய் கொண்டுவருகிறான் என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், அடுத்த தடவை நடுங்குகிறவன் சாக்குக்குள்ளேயே ஒளிந்துகொள்வான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போய்ப் பிழைத்த ஊர் இது, பிழைக்க வந்தவனை அப்படிப் பேச நமக்கு வாய் வரக்கூடாது. ரத்தம் எடுக்கும் நாளில் கூலி பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள். என் வேலையிடத்தில் நான் பிடிப்பதில்லை.

இந்த வருஷம் நுவாகாய்க்கு என்னிடமிருந்து 11 பேர் போகிறார்கள். கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, ஊர்ப்பெயர் எல்லாம் நோட்டில் இருக்கும். அதை யாரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.