செயலாளரின் ஆண்டறிக்கை: இரும்பின் மேல் கொஞ்சம் பொட்டாசியம்

தலைவர் அவர்களுக்கும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து வந்திருக்கும் அறிவியல் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. கார்த்திகைக் கூட்டம் மட்டும் புயல் எச்சரிக்கையால் தள்ளிப்போனது. படகுகள் கரையில் நின்ற 61 நாள் தடைக்காலத்தில்தான் திண்ணை நிறைந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எங்களை அதிகம் பேசவைத்த ஒரே பொருளை, அம்மோனியா ஆலையின் இரும்பில் கலக்கும் பொட்டாசியத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்கிறேன்.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போட்டிருக்கும் உறுப்பினர் ஒருவர், "காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தானே சார், அப்புறம் எதுக்கு யூரியாவுக்குக் காசு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனை, அதாவது சுமார் 28 கிராமை, அணுக்களாகப் பிரிக்க சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பயிரால் அதை உடைக்க முடியாது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய அம்மோனியா ஆலையில் அந்த வேலையை இரும்பு வினையூக்கியாக, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவாக்கும் பொருளாக, இருந்து செய்தது. அந்த இரும்பில் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) கொஞ்சம் பொட்டாசியமும் கலந்திருந்தன. யூரியா அந்த அம்மோனியாவிலிருந்துதான் வருகிறது.

நைட்ரஜன் உடைய முதலில் இரும்பின் மேல் ஒட்ட வேண்டும். இப்படி வாயு உலோகத்தின் மேல் ஒட்டுவதைப் 'பரப்பு கவர்தல்' என்கிறோம், 'உறிஞ்சுதல்' வேறு. நான் திணறிக்கொண்டிருந்தபோது பாசி எடுக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "கருவாட்டுக்குள்ள உப்பு இறங்குறது ஒண்ணு, மேல மணல் ஒட்டுறது ஒண்ணு." அதற்குப் பிறகு யாருக்கும் குழப்பம் வரவில்லை.

பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் பிடிப்பில்லாதது. இரும்பின் மேல் அமர்ந்ததும் அதை இரும்பின் பக்கம் தள்ளிவிட்டுத் தான் நேர்மின்தன்மை கொள்கிறது. அதனருகில் இரும்பு எலக்ட்ரானை எளிதாகக் கொடுக்கும். அங்கே வந்து ஒட்டும் நைட்ரஜனுக்குள் அந்த எலக்ட்ரான்கள் புகுவது பிணைப்பை எதிர்க்கும் சுற்றுப்பாதையில், அதாவது எலக்ட்ரான் வந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில். அதனால் இரும்போடு பிடி கூடுகிறது, இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையே பிடி தளர்கிறது, கடைசியில் மூலக்கூறு பிரிகிறது. கார்பன் மோனாக்சைடிலும் இதே கதைதான்: பொட்டாசியம் பக்கத்தில் இருந்தால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அதிரும் அதிர்வெண் இறங்கிவிடுகிறது, பிணைப்பு தளர்ந்ததற்கு அதுவே அடையாளம். சுத்தமான இரும்புப் படிகங்களை வெற்றிடத்தில் வைத்து இதையெல்லாம் படிப்படியாகக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்ல். 2007இல் தம் 71ஆவது பிறந்தநாளன்றே அவருக்கு நோபல் அறிவிப்பு வந்தது என்று படித்தபோது கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஒரு திருத்தம். ஆடிக் கூட்டத்தில் பொட்டாசியம் கூடக்கூட நல்லது என்ற பொருளில் நான் பேசினேன். அது தவறு. அளவு மிஞ்சினால் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும், வாயு ஒட்ட இடமிருக்காது. உலைக்குள் அது தனி உலோகமாகவும் இருப்பதில்லை, ஆக்சிஜனோடு சேர்ந்தே இருக்கிறது. குறிப்பேட்டில் இரண்டையும் திருத்தி எழுதிவிட்டேன்.

பொட்டாசியத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக, கரை ஒதுங்கிய கட்டக்கோரை என்னும் கடற்பாசியைக் காயவைத்து எரித்துச் சாம்பலாக்கினோம். கம்பி நுனியில் தொட்டு அடுப்புச் சுடரில் காட்டினால் மஞ்சள்தான், பாசியில் இருந்த கடலுப்பின் சோடியம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் கொடுத்த கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்த்ததும் மஞ்சள் அடங்கி, சுடரின் ஓரத்தில் மெல்லிய செவ்வூதா தெரிந்தது. பிள்ளைகள் கண்ணாடியைப் பறித்துப் பறித்துப் பார்த்தார்கள்.

அப்படியென்றால் பாம்பன் பாலம் துருப்பிடிப்பதும் சோடியத்தாலா என்று ஒருவர் கேட்டார். இல்லை. உப்பில் உள்ள சோடியம் தன் எலக்ட்ரானை ஏற்கெனவே கொடுத்துவிட்டது, இரும்புக்குக் கொடுக்க அதனிடம் மிச்சமில்லை. அங்கே கேடு செய்வது ஈரமும் குளோரைடும். இதை அடுத்த ஆண்டு முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம். மண்டபத்தில் உலோக அரிப்பு ஆய்வு நிலையம் இருப்பதால், அங்கிருந்து யாரையாவது அழைத்துப் பேசவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நீலக் கண்ணாடி இன்னும் இரண்டு துண்டு வாங்கவும் சபை அனுமதி தர வேண்டும்.

இவண்,
செயலாளர்