டொக்டர் ஹூ பற்றிக் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகள்,

பிபிசியோடு கூட்டாக இருந்த டிஸ்னி கைவிட்டுவிட்டது, இனி டொக்டர் ஹூ நாடகத்துக்கு என்ன நடக்கும் என்று நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். மெல்பேர்னில் இரவு வேலை செய்கிற பிள்ளைக்கு இதுவா கவலை என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கவலையும் வரவில்லை. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து சண்டை பிடிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

காலத்தில் பயணம் செய்கிற, சாகிற நேரத்தில் வேறு முகமாக மாறுகிற டொக்டரின் கதை அது; அதனால் நடிகர் மாறினாலும் நாடகம் ஓடும். நான் அதைப் பார்க்காமல் விட்டுக் கொஞ்சக் காலம். பெண் டொக்டர் வந்ததால்தான் விட்டேன் என்று உன் சித்தப்பா சொல்லித் திரிகிறார். விசர்க் கதை. ஜோடி விட்டேக்கர் வந்த முதல் வருடம், 2018-ல், இந்தியப் பிரிவினையை வைத்து வினய் பட்டேல் எழுதிய கதை ஒன்று வந்ததே, அண்ணன் சாவதற்குத் தம்பியே காரணமாகிற கதை. அதை எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

நான் 1988-ல் லண்டன் வந்து, பெற்றோல் செட்டில் வேலைசெய்துகொண்டு, வாடகை அறையில் இருந்தபோதுதான் முதன்முதலில் பார்த்தேன். 1963-ல் நடக்கிற ஒரு டாலெக் கதை; இரும்புக் கூட்டுக்குள் இருக்கிற டாலெக்தான் டொக்டரின் பரம எதிரி. அதில் ஒரு தங்குவிடுதி யன்னலில் 'கறுப்பர்களுக்கு இடமில்லை' என்று அட்டை தொங்கும். டாலெக் படியேறி வந்ததைவிட அந்த அட்டைதான் மனதில் நின்றது. அடுத்த வருடமே நாடகத்தை நிறுத்திவிட்டார்கள்.

2005-ல் அது திரும்பி வந்தபோது உனக்கு எட்டு வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு சோபாவில் இடம் பிடிப்பாய். டொக்டரோடு பயணம் போகிற, கடையில் வேலைசெய்கிற ரோஸ், வாயாடித் தாய், கவுன்சில் அடுக்குமாடி வீடு. பழைய கதை ஒன்றும் தெரியாத உனக்கும் எல்லாம் விளங்கியது. பன்னிரண்டு மணித்தியாலம்தான் போயிருக்கிறோம் என்று நினைத்து ரோஸ் வீட்டுக்கு வருவாள். உண்மையில் பன்னிரண்டு மாதம் போயிருக்கும். தாய் மகளைக் காணவில்லை என்று படம் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருப்பாள். அன்றைக்கு அம்மா இடையில் எழும்பிக் குசினிக்குள் போனது உனக்கு ஞாபகம் இருக்காது.

பிறகு 1941 லண்டன் குண்டுவீச்சில் நடக்கிற இரண்டு கிழமைக் கதை. வாயுமுகமூடி போட்ட பொடியன் ஒருத்தன் 'நீ என்ர அம்மாவா?' என்று கேட்டுக்கொண்டு திரிவான். நீ கனநாள் எங்களுக்கு நடுவில்தான் படுத்தாய். அந்தக் கதையின் முடிவில் ஒருத்தரும் சாகவில்லை. 'இந்த ஒருமுறை எல்லாரும் பிழைச்சிட்டினம்' என்று டொக்டர் துள்ளுவார். 1987-ல் வடமராட்சியில் பங்கருக்குள் இருந்த எனக்கு, சிறுபிள்ளைகளுக்கான நாடகம் இப்படி ஒரு முடிவு தந்ததை நம்ப முடியவில்லை.

இப்போது நீ அழுத 2025-க்கு வா. நீ இங்கே நின்றபோது உன்னோடு இருந்து முடிவை நானும் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடத்தின் வில்லன் சுடெக், 1975-ல் வந்தவன். 2025-ல் ராணி என்ற வில்லி, 1985-ல் வந்தவள். கூடவே ஓமேகா, 1973. அதற்கு முன்பே பழைய டொக்டர் டேவிட் டெனன்ட்டைத் திரும்பக் கூட்டிவந்தாகிவிட்டது. கடைசியில் அப்போதைய டொக்டர் ஷூட்டி கட்வா மாறி வந்த முகமும் பில்லி பைப்பர், உன்னுடைய அதே ரோஸ்! கலியாண வீட்டில் கிழவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நிறுத்தி 'உவர் ஆரென்று தெரியுதோ?' என்று கேட்பார்களே, எனக்கு அதுதான் நினைவு வந்தது. வருடத்துக்கு எட்டே எட்டுப் பகுதி; அதில் டொக்டரோடு வருகிற புதுப் பெட்டையைப் பழகவே நேரமில்லை. 2007 நத்தாருக்கு 13 மில்லியனுக்கு மேல் பேர் பார்த்த நாடகம். 2025-ன் வழக்கமான வாரங்கள் அதில் மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. சனிக்கிழமை மாலை குடும்பமாக இருந்து பார்க்கிறதை இணையத்தில் முன்கூட்டியே விட்டு அவர்களே குலைத்தார்கள்.

பழசைத் திரும்பக் கூட்டிவருகிற இந்த வருத்தம் புதிதல்ல. 1985-ல் சைபர்மேன் என்கிற இயந்திர மனிதர்களின் கதை ஒன்று, 1967-ல் வந்த கதையின் தொடர்ச்சியாக எடுத்தார்கள். அந்த 1967 கதை அப்போது பிபிசியிடமே இல்லை! பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியதில் போனது. 1991-ல்தான் ஹொங்கொங்கிலிருந்து அதன் பிரதி கிடைத்தது. யாரும் பார்க்க முடியாத கதைக்குத் தொடர்ச்சி எழுதினால் யாருக்காக எழுதுகிறார்கள்?

சூசனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1964-ல் டொக்டர் தன் பேத்தியைப் பூமியில் விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஒருநாள் வருவேன் என்று சொல்லிப் போனார். அவள் தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைக்கட்டும் என்றுதான். போகவேயில்லை. (1983-ல் சந்தித்தார்களே என்று சொல்லாதே. அது இருவரையும் வேறு யாரோ இழுத்துவந்தது.) அறுபது வருடம் கழித்து அதே கரோல் ஆன் ஃபோர்டை, வயதான அந்த மனுசியை, டொக்டரின் கண்ணுக்கு முன்னால் ஒரு தோற்றமாகக் காட்டினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டுக் கதை வேறெங்கோ போய்விட்டது. பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பியிருக்கிற எவனும் அந்தக் காட்சியை இப்படி வீணாக்கியிருக்க மாட்டான்.

அதனால், நாடகம் கொஞ்சக் காலம் நிற்கட்டும். 1989-க்குப் பிறகு பதினாறு வருடம், நடுவில் ஒரு திரைப்படம் தவிர, டீவியில் புதிதாக ஒன்றும் தொடரவில்லை. அந்தக் காலத்தில்தான், 2005-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்த ரசல் டி. டேவிஸ் வெளியில் வேறு நாடகங்கள் எழுதித் தொழில் படித்தார். முதல்முறை வந்தபோது அந்தத் தொழிலைக் கொண்டுவந்தார். 2023-ல் திரும்பி வந்தபோது, தான் முன்பு செய்ததைத்தான் கொண்டுவந்தார்.

2026 நத்தாருக்கு அவர் எழுதும் சிறப்புக் கதை வரும் என்று பிபிசி அறிவித்திருக்கிறது. வந்தால் பார்ப்பேன். அதற்குப் பிறகு நாலைந்து வருடம் பூட்டிவைத்துவிட்டு, பழைய கதை ஒன்றுகூடப் பார்த்திராத யாரிடமாவது திறப்பைக் கொடுக்கட்டும். 1963-ல் தயாரித்த வெரிட்டி லாம்பர்ட்டும், முதல் கதையை இயக்கிய, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைனும் இருபதுகளில் இருந்தவர்கள். திரும்பக் கூட்டிவர அவர்களிடம் ஒரு வில்லன்கூட இல்லை. முதல் கதை முடிந்த கையோடு டாலெக்கைக் கொண்டுவந்தார்கள்.

அன்புடன்,
அப்பா